ஒரு மணி அடிச்சு வெட்டினால்

இல்லைத் தம்பி, ஒளிச்சுப் பாக்கேல்லை. உங்கட லப்டொப்பிலை அந்தச் சிவப்புப் பெட்டி நீலப் பெட்டியைக் கண்டவுடனை வாய் சும்மா இருக்குதில்லை. மெமரிதானே? நினைச்சன். நான் அன்ரன், ஹனோவரிலை பழைய கொம்பியூட்டர் வாங்கி விக்கிறனான். படிப்பு எட்டாம் வகுப்பு. மிச்சமெல்லாம் ஏமாந்து படிச்சது.

சிவப்பு, அடிக்கடி தேவைப்படுற டேட்டா. நீலம், ஆரும் தேடாதது. சிவப்பைக் கிட்ட இருக்கிற வேகமான மெமரியிலை வைப்பியள், நீலத்தைத் தூரத்திலை கிடக்கிற மந்தமானதுக்குத் தள்ளுவியள். சரியோ? அட, இதுக்கே உங்களுக்கு எர்லாங்கன் கொம்பனியிலை சம்பளம் தாறாங்கள்? இருபத்தெட்டு வருசமாய் என்ரை கடையிலை நான் செய்யிறது இதுதானப்பா. ஓடுற சாமான் கதவடியிலை, ஓடாதது படியிறங்கிக் கீழை கெல்லருக்குள்ளை. கோவிக்காதேங்கோ, பகிடி.

ஓம், ரயில் நிண்டிட்டுது. வூர்ட்ஸ்பூர்க் வாறதுக்கு முன்னம் காட்டுக்குள்ளை. காசலிலை இருபது நிமிசம் நிண்டதுக்கு ரிக்கெற் பாக்கிற மனிசியை நான் உரிச்செடுத்ததை முழுப் பெட்டியும் பாத்தது. இப்ப கத்துறதுக்கு மனமில்லை.

எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. எது அடிக்கடி தேவைப்படுது எண்டு உங்கட புரோகிராமுக்கு எப்பிடித் தெரியும்? எண்ணுதோ? எத்தினை தரம் தொட்டது எண்டு. எல்லாத்தையுமோ? ம்... இடைக்கிடை எட்டிப் பாத்து எண்ணுது. அப்ப எட்டிப் பாக்காத நேரம் வந்து போனது? கணக்கிலை இல்லை. இல்லைத்தானே.

சரி, பிழையாய்த் தூரத்துக்குத் தள்ளினது பிறகு தேவைப்பட்டால்? திருப்பி எடுக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் வைச்ச இடத்திலையே இருக்கும். குடுத்துவைச்ச சாமான் தம்பி அது.

ஏன் கேக்கிறன் எண்டால், என்ரை மனிசி புஸ்பவதிக்கு ஒரு பழக்கம். போனிலை ஒரு மணி அடிச்சு வெட்டிப்போடுவா. காசு மிச்சம் பிடிக்க, ரெலிபோன் காட் வாங்கி ஊருக்குக் கதைச்ச காலத்துப் பழக்கம். நான்தான் திருப்பி எடுக்கோணும். ஏனடியப்பா, இப்ப சும்மாதானே, விட்டு அடியன் எண்டு எத்தினை தரம் கத்தியிருப்பன்! நீங்கள் ஆரோடையும் பேரம் பேசிக்கொண்டு நிப்பியள், ஏன் குழப்புவான் எண்டுவா.

போன வருசம் அவவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திட்டுது. ஹனோவரிலை பராமரிப்பு இல்லங்களிலை காத்திருக்கச் சொன்னாங்கள். எனக்குப் பொறுமை எங்கை? நியூர்ன்பேர்க்குக்கு அங்காலை ஒண்டிலை உடனை இடமிருந்தது. யோசிச்சன். மனிசி ஒண்டும் கேக்கிறேல்லை, போனிலையும் பெரிசாய்க் கதைக்கிறேல்லை, மாசம் ஒருக்கால் போனால் காணும் எண்டு. பெரிய யன்னல் வைச்ச அறை தந்தால்தான் கையெழுத்து எண்டு மல்லுக்கட்டி வாங்கினன். கெட்டிக்காரன்!

இண்டைக்கு விடிய எழும்பிப் பாக்கிறன், போனிலை பதினொரு தரம். எல்லாம் அவ ஒரு மணி அடிச்சு வெட்டினது. நேற்றுப் பின்னேரம் ரண்டு சேர்வருக்கு ஒருத்தனோடை இழுபறிப்பட்டனான், சத்தத்தை நிப்பாட்டினது அப்பிடியே கிடந்திட்டுது. திருப்பி அடிச்சன், எடுக்கேல்லை. அதுதான் கையை வீசிக்கொண்டு முதல் ரயிலுக்கு ஓடி வந்தன்.

என்னவாம்? இன்னும் நாப்பது நிமிசமாமோ? நிக்கட்டும் தம்பி. நீங்கள் பதறாதேங்கோ, உங்கட வேலையைப் பாருங்கோ. எனக்கும் இனி அவசரமில்லை. பூல்டா தாண்டக் கதவடியிலை நிண்டு போன் கதைச்சனான் எல்லே, அது அந்த இல்லத்துத் தாதி. ஆறுதலாய் வரட்டாம். என்ன உடுத்திவிடுறது எண்டு மட்டும் கேட்டா. சீலையெல்லாம் ஹனோவரிலை எண்டு சொன்னன். ஆரும் தொடுறேல்லைத்தானே எண்டு, நான்தான் கெல்லருக்குள்ளை இறக்கி வைச்சனான்.