என் தம்பி உடம்பில் எனக்கில்லாத இடம்

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் அவர்களே! உறுப்பு ஈந்த உத்தமர்களே! பெருமைக்குரிய தாய்மார்களே! பின்வரிசையில் பொறுமையே உருவாய் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! முன்வரிசையில் மாலையும் கழுத்துமாக வீற்றிருக்கும் என் தம்பி மனைவியே! வணக்கம்.

அவளை வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்துகிறேன். ஆனால் வயிறு எரிகிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

தம்பிக்குச் சிறுநீரகம் பழுதானதும் முதலில் சட்டைக் கையை மடித்தவன் யார்? நான்! "உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, சரிவராது" என்றார் மருத்துவர். அவளுடையது பொருந்தியது. கூடப் பிறந்தவன் வெளியே, கைப்பிடித்தவள் உள்ளே! கொடுமையில்லையா? சிரிக்காதீர்கள் ஐயா, உங்களுக்கும் தம்பி இருப்பான்.

அந்தச் சிறுநீரகத்தோடு ஓசைப்படாமல் ஒரு வைரஸும் வந்தது. என்றோ எளிய காய்ச்சலாய் வந்து, காய்ச்சல் போனபின்னும் உறுப்புகளுக்குள் ஒளிந்து உறங்கும் வைரஸ். நம்மில் மிகப் பலரிடம் அது உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி காவல் நிற்பதால் வாலாட்டுவதில்லை. புது உறுப்பை உடல் ஒதுக்கிவிடாதிருக்க அந்தக் காவலை மருந்தால் அடக்குகிறோமே, அப்போது விழித்துக்கொள்கிறது!

வந்த உறுப்போடு இப்படி ஒன்று வரலாம், காய்ச்சல் கண்டால் ஓடி வா என்று தம்பியிடம் சொல்லியிருந்தார் மருத்துவர். கண்டது. ஓடினானா? மறைத்தான்! அவனும் அவளும் என்ன பேசுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஓயாமல் வேவு பார்க்கும் என் பொறாமைக் கண்ணில், வெயிலில் போர்வையோடு அவன் உட்கார்ந்திருந்தது பட்டது. தொட்டேன். கொதித்தது.

"அவகிட்ட சொல்லாதண்ணே. அவ குடுத்ததுலதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா."

எனக்காக ஒரு தும்மலையாவது மறைத்திருக்கிறானா இவன்?

ஆத்திரத்தோடு அள்ளிக்கொண்டு ஓடினேன். "கொஞ்சம் தாமதிச்சிருந்தா உயிரே போயிருக்கும்" என்றார் மருத்துவர். தம்பி பிழைத்தான். சிறுநீரகமும் பிழைத்தது. வைரஸ் அடங்கியதே தவிர அகலவில்லை.

"ஆயுசுக்கும் உள்ளேயே தூங்கும். யாராவது இவரைக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும்."

அழுதுகொண்டிருந்தவள் என்னைக் காட்டினாள். "மாமா பாத்துப்பாரு டாக்டர். அவரால எங்க மேலேருந்து கண்ணையே எடுக்க முடியாது."

தெரிந்திருக்கிறது அவளுக்கு! எல்லாம் தெரிந்தே அந்த இடத்தை எனக்குக் கொடுத்தாள். என் பொறாமை தீர்ந்ததா? எங்கே தீரும்? அதற்கு இப்போது வேலை கிடைத்திருக்கிறது.

அன்பு இருந்தால் அன்போடு பாருங்கள். இல்லையா, எரிச்சலோடேனும் பாருங்கள். பார்ப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்! இவ்வளவு நேரம் என் வயிற்றெரிச்சலுக்குக் கைதட்டிய உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.