துளிர்விட்ட தூண்கள்

ரத்தோட்டை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்த, எல்லாரும் ‘பாஸ்’ என்று கூப்பிடும் தச்சு மேஸ்திரி பக்கத்து ஆளிடம் சொன்னார்:

“தூணெல்லாம் துளிர்விட்டிருச்சுங்க.”

“எந்தத் தூணு பாஸ்?”

“ரிவர்ஸ்டன் மலையில வெள்ளைக்காரம்மாவுக்கு யோகாசன மண்டபம் கட்டினேன்ல. மரத்த வெட்டாதீங்க, எல்லாம் இயற்கையா இருக்கணும்னாங்க. மொளகுக்கொடி ஏத்துற முள்முருங்கைக் கெளைய, காயவிடாம அப்படியே தூணா நட்டுட்டேன்.”

“நட்டா மொளைக்கும்னு மாத்தளையில யாருக்குத் தெரியாது?”

“எனக்குத்தான். திட்டு வாங்கப் போனா, அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டு, பெரிய கலைஞர்னுட்டாங்க.”

“அப்புறம் என்ன கவலை?”

“அவங்க சிநேகிதிக்கும் அதே மாதிரி மண்டபம் வேணுமாம். இந்தத் தடவ பாத்துப் பாத்து நட்டேன். ஒண்ணுகூட மொளைக்கலைங்க.”

“அடி எது, நுனி எதுன்னு பாக்காம தலைகீழா நட்டுட்டீங்களோ?”

பாஸ் தலையாட்டினார்.

“இருக்குமுங்க. அங்க வர்றவங்களும் தலைகீழாத்தானே நிக்கிறாங்க.”