‘விடு’ என்று சொன்னவருக்கு

உருகிய உலோகத்தையும் உருகாத மனிதரையும் ஒரே கண்ணால் உற்று நோக்கிய உலைக்கூடத்து ஃபோர்மனே, எதையும் எளிதில் நம்பாத ஏந்தலே, கோவிந்தப்பன் ஐயா! வணக்கம்!

முப்பத்தோராண்டுகள் மத்திகிரியிலிருந்து முதல் ஷிப்டுக்கு முன்னரே வந்து, மீட்டரை நம்பாமல் தட்டிப் பார்த்தீர்கள். எங்களையும் முறைத்துப் பார்த்தீர்கள். கேண்டீன் சாம்பாரைக்கூடச் சந்தேகித்தீர்கள். இந்த மடலையும் அப்படித்தான் கேட்கிறீர்கள் என்பது தங்கள் புருவத்திலேயே தெரிகிறது!

உருகிய அலுமினியம் ஓடும் வாய்க்காலின் இருபுறமும் மின்காந்தம் பொருத்திய நாளில், துள்ளிய உலோகம் துவண்டு அடங்கக் கண்டு நாங்கள் கைதட்டினோம். தாங்கள் தட்டவில்லை. "நடுவுல அடங்கிருச்சுன்னு நம்பாதீங்கப்பா. அந்த வேகமெல்லாம் எங்க போச்சு? ஓரத்தப் பாருங்க" என்றீர்கள். காந்தம் கூடக்கூட நடு ஓட்டம் மந்தமாகி, சுவரை ஒட்டிய மெல்லோட்டம் சீறி நிலைகுலையும் என்பதைப் பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் சொல்லுமுன் தங்கள் சந்தேகம் சொல்லிற்று.

நான்காண்டுகளுக்கு முன் அந்த ஓரம் குமுறியபோது, காந்தத்துக்குக் கரண்ட் கூட்டும் திருகருகே நின்ற செல்வத்திடம், "விடு செல்வம், விடு!" என்று கத்தினீர்கள். கரண்ட் கூடியது, உலோகம் கரை தாண்டியது, எங்களுள் ஒருவரான விஜயகுமாரின் கை வெந்தது. ‘தொடாமல் விட்டுவிடு’ என்றே சொன்னதாக விசாரணையில் கூறினீர்கள் தாங்கள். ‘கரண்டை விடு’ என்றே காதில் விழுந்ததாகக் கூறினார் செல்வம். நாங்கள் பதினான்கு பேரும் தங்களுக்கு எதிரான மனுவில் கையெழுத்திட்டோம். தங்கள் பதவி உயர்வு நின்றது. அன்றுமுதல் எங்கள் பிரிவில் அச்சொல்லையே எவரும் உச்சரிப்பதில்லை. ‘கூட்டு’, ‘நிறுத்து’ மட்டுமே.

தங்கள் பணி ஓய்வு விழாவுக்கு இம்மடலை எழுதும்படி நாங்கள் சொன்னதிலிருந்து செல்வத்துக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. எங்களுக்குச் சந்தேகம் தட்டியது. நேற்று கேண்டீனில் எங்கள் பிரிவின் அருணா நேராகவே கேட்டுவிட்டார்.

"அண்ணா, அன்னிக்கு உங்களுக்கு என்னதான் கேட்டுச்சு?"

செல்வம் தட்டைத் தள்ளி வைத்தார். "விட்டுரச் சொன்னாருன்னு நல்லாவே புரிஞ்சுச்சும்மா. பதட்டத்துல நான்தேன் திருகிட்டேன்."

ஐயா! ஊரையே சந்தேகித்த தாங்கள் எங்களுள் ஒருவரையும் காட்டிக்கொடுத்ததில்லை. தங்களை மட்டும் சந்தேகித்த நாங்கள், உண்மையைக் கேட்க நான்காண்டுகள் எடுத்துக்கொண்டோம். வெட்கப்படுகிறோம்.

உடல்நலம் குன்றாது, உறக்கம் குறையாது, நூறாண்டு வாழ்க! பழைய மனுவை மறுத்து, செல்வம் முதல் கையெழுத்திட, பதினான்கு பேரும் இன்று காலை நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டோம். அதன் நகல் இம்மடலைப் பொருத்திய கண்ணாடிச் சட்டத்தின் பின்புறம் ஒட்டியிருக்கிறது.

எங்களை நம்ப வேண்டாம், ஐயா. திருப்பிப் பார்த்துவிட்டே வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
உலைப் பிரிவுத் தொழிலாளர்கள், ஓசூர்