மூக்கில் வழிந்த உப்பு

குண்டு விழுகிறது. ஓடுகிறோம். கார்த்திகை மாதம். விடியற்காலை. முதலில் 'டும்'. பிறகு தலைக்கு மேலே துணி கிழிகிற சத்தம். பிறகு ஏரி வெடிக்கிறது.

சுட்டது கடலில் நின்ற பறங்கிக் கப்பல் இல்லை. ஒல்லாந்தரின் பழவேற்காட்டுக் கோட்டை. அவர்களுடைய எதிரிகளான பறங்கியர் எங்கள் தோணிகளில் ஏறிக் கரைக்கு வந்துவிடுவார்களாம். அதனால் ஒல்லாந்தர் எங்கள் தோணிகளை உடைத்தார்கள். தோணியில் ஆள் இருந்தது. பார்த்துத்தான் சுட்டார்கள், பாவிகள்.

என்னைப் பெற்ற நைனா அங்கேயே செத்துப்போனார். என் புருஷன் எல்லப்பனை ஏரியிலிருந்து இழுத்துப் போட்டார்கள். நெற்றி குழிந்திருந்தது. மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

முங்கினவனைக் கவிழ்த்த தோணிமேல் குப்புறப் போட்டு, தலையைத் தொங்கவிட்டு, முதுகை அமுக்குவது எங்கள் வழக்கம். குடித்த தண்ணீர் வெளியே வந்துவிடும். அவரையும் அப்படித்தான் போட்டார்கள். அமுக்க அமுக்கச் சொட்டு அதிகமானது. மூக்கைத் துடைத்தேன். விரல் உதட்டில் பட்டது. கரித்தது.

"நிறுத்துங்கடா! மழைக்கு ஏரி தித்திப்பா கீது! இது கரிக்குது! தலைக்குள்ளேர்ந்து வருதுடா!"

தூக்கி உட்கார வைத்தோம். மூச்சு இருந்தது.

மறுநாள் கோட்டைக் கதவு அவருக்கும், அவரைத் தாங்கிப் போன எனக்கும் மட்டும் திறந்தது. இரக்கம் ஒன்றும் இல்லை. முகத்துவாரத்தில் மணல் எங்கே, ஆழம் எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். ஒல்லாந்த ரண வைத்தியன் நெற்றியைக் கீறினான். உள்ளே குத்தியிருந்த எலும்புச் சில்லை எடுத்தான். குழிந்ததைக் கம்பியால் நிமிர்த்தினான். பட்டு நூலால் தைத்தான். மூக்கில் துணி அடைக்கப் போன தன் உதவியாளைப் பார்த்துக் கத்தினான். துபாஷி அதை எங்கள் பாஷையில் சொன்னான்: "அடைக்காதே! மூக்கச் சிந்த வுடாதே! படுக்க வெக்காதே!"

தை பிறப்பதற்குள் சொட்டு நின்றது. வாசனை மட்டும் திரும்பவில்லை. அழுகின மீனும் நல்ல மீனும் அவருக்கு ஒன்றுதான்.

மாசியில் கோட்டைப் பீரங்கிக்காரர்களைப் படகில் ஏற்றி, கடலில் நின்ற ஒல்லாந்தக் கப்பலுக்குக் கொண்டுபோகும்படி அவரிடம் சொன்னார்கள். கிளம்பும்போது அவர் காதில் சொன்னேன்.

"மாமா, நைனாவ நெனச்சிக்கோ."

நினைத்தார். அலை உடைகிற மணல் மேட்டில் படகைக் குறுக்கே திருப்பினார். படகு உருண்டது. அவர் நீந்தி வந்தார். வேறு யாரும் வரவில்லை. வைத்தியனும் அதில் ஏறியிருந்தான் என்று அப்புறம்தான் சொன்னார்.

எங்கள் பக்கம் போனது: நைனா. தோணிகள் மூன்று. என் புருஷனின் வாசனை. அவர்கள் பக்கம் போனது: ஒரு படகு. பீரங்கிக்காரர் ஏழு பேர். அவர்களுக்காக நான் அழவில்லை. அழவும் மாட்டேன்.

வைத்தியனை எங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்.