சாருங்களெல்லாம் பேர் குடுங்க

சாயங்காலம் வேங்கிக்காலில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரே ஆபீஸ் போலிருக்கிறது, கழுத்தில் ஒரே மாதிரி அடையாள அட்டை.

"ட்ரெய்னிங்குக்கு சாருங்களெல்லாம் பேர் குடுங்கன்னாரு மேனேஜரு. நம்மள இல்லன்னு இருந்துட்டேங்க்கா," என்றாள் இளையவள்.

"நம்மளத்தான் லேடீஸ்னு தனியா கூப்புடுவாரே."

"அந்த ட்ரெய்னிங் போனாத்தான் ப்ரமோஷனாம். இன்னிக்குப் போய்க் கேட்டா, சொல்லும்போது நீயும் அங்கதானம்மா நின்னேங்கறாரு."

"லிஸ்ட் போயிடுச்சா?"

"நாளைக்குக் காலைல அனுப்புறாராம்."

"போன வாரம் லேடீஸெல்லாம் வாங்கன்னாரே, எதுக்கு?"

"பெரிய ஆபீசர் வந்தாருன்னு ஆரத்தி எடுக்க."

"அதுக்கு லிஸ்டே கேக்கல பாரு."

இருவரும் சிரித்தார்கள். மூத்தவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மடியில் வைத்து எழுதத் தொடங்கினாள்.

"நாம லேடீஸ் ஏழு பேரும் குடுக்கலாம். உன் பேரு மொதல்ல."

இளையவள் எட்டிப் பார்த்தாள். "உங்க பேரையும் எழுதுறீங்களே அக்கா. அடுத்த வருஷம் நீங்க ரிட்டயர்டு ஆச்சே."

"இருக்கட்டும். சாருங்கன்னு கூப்புட்டப்பல்லாம் நானும் இத்தன வருஷமா எழுந்திரிக்காமதான் இருந்துட்டேன்."