போர்வையில் நாற்பத்தொரு வரிசை

குரோஷாப் பின்னலுக்கு ஒரே ஒரு கொக்கி ஊசி போதும். நிட்டிங்குக்கு இரண்டு ஊசி வேண்டும். இதில் எது உசத்தி என்று நானும் உன் அம்மாவும் இரண்டரை வருடமாகச் சண்டை போட்டு வருகிறோம். குரோஷாவை எந்த இடத்திலும் அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகலாம். காவல் காக்க வேண்டியது ஒரே ஒரு நூல் வளையத்தை, ஒரே ஒரு கண்ணியைத்தான். நிட்டிங்கில் தொண்ணூறு கண்ணிகளும் ஊசியில் வரிசை கட்டி நிற்கும். ஊசி நழுவினால் தொண்ணூறும் அனாதை.

கியெம், நீ ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வரப்போவதாக உன் அம்மா தியெப் சொன்னாள். அதற்கு முன்னால் சில விஷயங்களை உனக்கு எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. போனில் சொன்னால் நடுவில் குறுக்கிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. குறையாகச் சொல்லவில்லை.

நான் பேருந்து நிலையத்து டிக்கெட் ஜன்னலிலிருந்து ஓய்வு பெற்ற அதே வருடம்தான் உன் அம்மா தன் ஹைட்ராஞ்சியா பூத்தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாள். இரண்டு பேருக்கும் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. பிள்ளை அவளுக்கு ஒன்று, எனக்கு அதுவும் இல்லை. இந்தத் தாலாத் மலையூரில் மத்தியானம் ஆனால் மழை பிடித்துக்கொள்ளும், எத்தனை நாள்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது? ஒருநாள் சந்தை மாடியில் இருக்கும் ஹுவேயின் கம்பளி நூல் கடைக்குப் போனோம். நூல் வாங்குகிறவர்களுக்கு அவளே உட்கார்த்திவைத்துப் பின்னச் சொல்லித்தருவாள்.

"ரெண்டு ஊசியா, ஒரு கொக்கியா? சீக்கிரம் சொல்லுங்கக்கா, நான் சாப்பிடப் போகணும்" என்றாள்.

உன் அம்மா இரண்டு ஊசியை எடுத்தாள். நான் கொக்கியை எடுத்தேன். மூன்று மாதத்துக்குள் ரைஸ் குக்கருக்கும் தெர்மாஸுக்கும் டிவி ரிமோட்டுக்கும் உறை போட்டு முடித்துவிட்டேன்.

"அக்கா, அடுத்தது என்ன, கோழிக்கு ஜட்டியா?" என்றாள் தியெப்.

"நீ மொதல்ல அந்த மஃப்ளர முடிடி. கழுத்துக்கா ரோட்டுக்கான்னே தெரியல, அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போகுது."

இப்படித்தான் எங்கள் நாள் போகும். காலை எட்டு மணிக்கு வேலியைத் தாண்டி என் வீட்டுக் கண்ணாடித் தாழ்வாரத்துக்கு வந்துவிடுவாள். பதினொன்று வரை பின்னல், கூடவே ஊர்க்கதை. பிறகு சோறு, கீரை சூப். சாப்பிட்டதும் அங்கேயே மடக்குக் கட்டிலில் இரண்டு மணி வரை தூங்குவாள். பின்னல் பையை என் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள், அவள் வீட்டுப் பூனைக்கு நூல்கண்டைக் கண்டால் ஆகாது. இரண்டரை வருடத்தில் எனக்குச் சளிக் காய்ச்சல் கூட வரவில்லை என்றால் பார்த்துக்கொள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

டெட் புத்தாண்டு முடிந்து சில நாளில் உன் மனைவி உண்டாகியிருப்பதாக நீ சொன்னாய். மறுநாளே தியெப் வெளிர்மஞ்சள் நூல் பத்து உருண்டை வாங்கி வந்தாள்.

"குழந்தைக்குப் போர்வை. எரநூத்தி நாப்பது வரிசை. முடிச்ச கையோட எடுத்துக்கிட்டு சைகோனுக்கே போயிடப் போறேன் அக்கா. வெறுங்கையோட போக மாட்டேன்."

"சைகோன்ல முட்டை தானா வேகுது. அங்க எதுக்குடி கம்பளிப் போர்வ?"

"ஏசி இருக்குல்ல?"

"எத்தன நாளைக்குப் போற?"

"நாளென்ன நாளு? அங்கேயேதான். புள்ளைய வளக்க ஆள் வேணாமா?"

நான் பிடிவாதக்காரி இல்லை என்பது உனக்கே தெரியும். ஒரு தாய் மகனோடு போய் இருக்க ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் கம்பளியில் குழந்தைக்கு வேர்க்குரு வரும். இதை யாராவது யோசிக்க வேண்டாமா? நான் யோசித்தேன்.

முதல் தடவை நடந்தது தற்செயல் என்றுதான் சொல்வேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து போர்வையை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கண்ணி பிசகியிருந்த மாதிரி இருந்தது. திருத்திக் கொடுக்கலாம் என்று ஊசியை உருவி நூலை இழுத்தேன். அது சொன்ன பேச்சைக் கேட்டு வரிசை வரிசையாக அவிழ்ந்துகொண்டே வந்தது. நிறுத்தியபோது நாலு வரிசை போயிருந்தது. தொண்ணூறு கண்ணிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசியில் மாட்டினேன். முதுகு பிடித்துக்கொண்டது.

எழுந்து வந்தவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போர்வையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, நான் இதுக்கு மேலயே வந்துட்டேனே?"

"எங்க வந்த? காலையில பூரா மீன்காரி மருமக கதையத்தானே சொல்லிக்கிட்டிருந்த."

"அப்படியா?" என்று சிரித்தாள். "கத பேசினா கை நின்னுடுது எனக்கு."

அவள் சிரித்தாள் என்பதைக் கவனி. ஒரு வருத்தமும் இல்லை. எனவே மறுநாளும் செய்தேன். அவள் காலையில் பன்னிரண்டு வரிசை போடுவாள், நான் எட்டு எடுப்பேன். பன்னிரண்டையும் எடுத்திருக்கலாம். எனக்குப் பேராசை கிடையாது. அன்றைக்கு முடித்த இடத்தில் அவள் ஒரு சேஃப்டி பின் குத்தி வைப்பாள், அதையும் மறக்காமல் கீழே இறக்கிக் குத்துவேன். அவிழ்த்த நூல் சுருண்டுகொள்ளும், அப்படியே விட்டால் காட்டிக்கொடுத்துவிடும். கொதிக்கிற கெட்டில் மூக்கின் ஆவியில் காட்டினால் நேராகிவிடும். கெட்டில் கொதித்துவிட்டதே என்று ஆர்டிசோக் டீயும் போட்டுவிடுவேன். "தெனம் எனக்காக டீ போட்டு வச்சிருக்கியேக்கா, கூடப் பொறந்தவ கூட இப்படிப் பாத்துக்க மாட்டா" என்று அவள் ஒருநாள் கண்கலங்கினாள். இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நான் சைவம், அந்த நாட்களில் பிரித்ததில்லை. அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் குத்தகைக்கு விட்ட தோட்டத்தைப் பார்க்க, கோயிலுக்கு என்று போய்விடுவாள். அதையெல்லாம் கழித்தால் பெரிய அளவில் ஒன்றும் செய்துவிடவில்லை.

மே மாதம் வந்தபோது அவள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். போட்ட வரிசையை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள். கையில் எழுதிய கணக்கும் போர்வையும் ஒத்துப்போகாது. "நேத்து எழுதினத அழிக்காம விட்டிருப்ப" என்பேன். கையை உற்று உற்றுப் பார்ப்பாள். பிறகு அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க இரண்டு தடவை வேலி தாண்டி ஓடுவாள். போகும்போது நானும் ஞாபகப்படுத்துவேன், "கதவப் பூட்டினியா தியெப்?" என்று. அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்கள் செய்கிற உதவிதான். ஜூனில் ஸ்கூட்டர் சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். நாற்பது வருடம் மலைச்சாலையில் பூக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஓட்டியவள்.

"நீயே வச்சுக்கக்கா. எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல."

வாங்கி டிராயரில் வைத்தேன். சாவிக்கு ஒரு சின்ன உறையும் போட்டுக்கொடுத்தேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். அவர் மூன்று வார்த்தைகள் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்: எருமை, குடை, வாழைப்பழம். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். உன் அம்மா எல்லாவற்றையும் டாக்டரை விட வேகமாகச் செய்தாள். அவர் என் பக்கம் திரும்பி, "வீட்ல எப்படிம்மா?" என்று கேட்டார்.

"செய்யாத வேலைய செஞ்சதா நெனச்சுக்குறா டாக்டர்" என்றேன்.

நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. அவளே வாயால் சொன்னதைத்தான் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். ஆறு மாதம் பார்க்கலாம், தனியாக விட வேண்டாம் என்றார். ஒரு மாத்திரையும் கொடுத்தார். அதைச் சாப்பாட்டுக்கு முன் மறக்காமல் கொடுத்துவருவது நான்தான்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, புள்ளைய என் கையில குடுக்கப் பயப்படுவாங்க இல்ல? கீழ போட்டுடுவேன்னு நெனப்பாங்க இல்ல?" அப்படி ஓர் அழுகையை நான் அவள் வீட்டுக்காரர் செத்தபோதுகூடப் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சே வலித்துவிட்டது. அன்றைக்கு எட்டுக்குப் பதில் ஐந்து வரிசைதான் பிரித்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் அநியாயம். அவள் உனக்குச் சொன்னாள், நீ வீடியோவில் வந்தாய். நான் படத்தில் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவைச் சைகோனுக்கே கூட்டிப்போகிறேன், வீட்டைப் பூட்டிவிடலாம், அவளைக் கவனிக்க ஒரு பெண்ணை வைக்கலாம் என்றாய். "குழந்தைய நீ தூக்க வேணாம்மா, பக்கத்துல உக்காந்து பாத்தா போதும்" என்றாய். இதமாகத்தான் சொன்னாய். அவள் தலையாட்டிவிட்டு போனை வைத்தாள். வெகுநேரம் மடியில் இருந்த போர்வையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பெற்ற தாயிடம் இப்படியா ஒரு பிள்ளை பேசுவான்? அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

போன வியாழக்கிழமை நூல் தீர்ந்துவிட்டதென்று இரண்டு பேரும் ஹுவே கடைக்குப் போனோம். ஹுவே போர்வையை மேசையில் விரித்துத் தடவினாள். ஒரு இடத்தில் கை நின்றது. கொஞ்சம் கீழே இறக்கினாள், மறுபடி நின்றது. உன் அம்மா வெண்ணெய்ப்பழம் வாங்க எதிர்க்கடைக்குப் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"சுயென் அக்கா, இங்க பாருங்க. கண்ணிக்கு ரெண்டு கால் இருக்கு. வலது கால் ஊசிக்கு முன்னால நிக்கணும். நிட்டிங் போடுறவளுக்கு அது தூக்கத்துல கூடத் தப்பாது. நாலு வரிசைக்கு ஒரு வரிசை கால் மாறி மாட்டியிருக்கு. மொத்த வரிசையும் முறுக்கிக்கிட்டு நிக்குது. எண்ணிட்டேன், நாப்பத்தொண்ணு."

"அவளுக்குத்தான் உடம்பு சரியில்லையே" என்றேன்.

"மறதி வந்தா ஒரு கண்ணி விடும், ரெண்டு விடும். தொண்ணூறும் ஒண்ணுபோல தப்பாது. இது அவ கை இல்லக்கா. ஒத்தக் கண்ணியே பாத்துப் பழகின கை. குரோஷாக் கை." போர்வையை மடித்துப் பையில் போட்டாள். "இந்த ஊர்ல அவளோட பொழுதுக்கும் உக்காந்திருக்கிற குரோஷாக்காரி யாருன்னு நான் சொல்லணுமா? நீங்களா அந்தப் பையன்கிட்ட சொல்லுங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன்."

கண்ணிக்குக் கால் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். குரோஷாவில் அந்தத் தொல்லை கிடையாது. ஹுவே மிரட்டியதால் இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. நானே எழுதுவதாகத்தான் இருந்தேன், அவள் தேதியை மட்டும் குறித்துக்கொடுத்தாள்.

ஆகவே கியெம், நாற்பத்தொரு தடவை உன் அம்மாவின் போர்வையைப் பிரித்தது நான்தான். அவள் போட்டதைப் போடவில்லை என்று சொன்னது நான். டாக்டரிடம் பேசியது நான். அவளுக்கு மறதி இல்லை. எந்த நோயும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிடலாம். அவள் மூளை உன்னுடையதையும் என்னுடையதையும் விடத் தெளிவாக இருக்கிறது.

இதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் கோபம் ஆறியதும் உட்கார்ந்து யோசித்துப் பார். உடம்பு சரியில்லை என்றுதானே அவளைக் கூட்டிப்போக வருகிறாய்? அவள்தான் நன்றாக இருக்கிறாளே. வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடு. போர்வையை நானே முடித்துத் தபாலில் அனுப்பிவைக்கிறேன், கண்ணிகளின் காலைப் பார்த்து மாட்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் அவளிடம் காட்டாதே. டாக்டர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டார் என்று சொல்லு, நம்பிவிடுவாள். தெரிந்தால் அவள் மனது தாங்காது, அந்தத் துக்கத்தில் தனியாக இருக்க வேண்டி வரும். அவளுக்குப் பக்கத்திலேயே நம்பிக்கையான ஆள் ஒருத்தர் வேண்டாமா? அதற்குத்தான் நான் இருக்கிறேன்.