கையெழுத்து மட்டும் தம்பியுடையது

எதை எழுதினாலும் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று முதலில் குறித்துவிடுவது என் பழக்கம். எங்கள் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுத அப்படித்தான் பழக்கினார்கள். அதன்படியே தொடங்குகிறேன்.

தம்பிக்காக வைத்த வக்கீலின் அறையில் அன்று நான்கு பேர் இருந்தோம். வக்கீல் மேசைக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகு காட்டி. அவருக்கு எதிரே இடப்பக்க நாற்காலியில் என் தம்பி. பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தான், முழங்கையில் மரத்தூள். நாற்காலி அழுக்காகிவிடும் என்று நுனியில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் அவன் மனைவி, மடியில் பையோடு. நான் கோப்பு அலமாரியை ஒட்டி ஒரு முக்காலியில். குறிப்பெடுக்க வசதியான இடம். அங்கிருந்து யார் முகமும் எனக்கு நேராக இல்லை என்பது இன்னொரு வசதி.

மேசைமேல் வங்கியிலிருந்து திரும்பி வந்த ஒரு செக்கின் நகல் இருந்தது. மரக்கடைக்காரர் பெயருக்கு நான்கு லட்சம். கணக்கில் போதிய பணம் இல்லை என்று வங்கி சீட்டு ஒட்டியிருந்தது.

"கையெழுத்து உங்களோடதா?" என்று வக்கீல் கேட்டார்.

"என்னோடதுதாங்க" என்றான் தம்பி.

அதில் அவன் பொய் சொல்லவில்லை. கையெழுத்து அவனுடையதுதான். மற்றதெல்லாம் என் எழுத்து.

இதை விளக்க வேண்டும். தம்பி கதவு செய்கிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு உளி பிடித்தான்; முப்பது வயதில் சொந்தப் பட்டறை. கொஞ்சநஞ்சம் படித்திருந்த நான் அவனிடம் கடிதப் போக்குவரத்து, பில், வங்கி வேலை எல்லாம் பார்த்தேன். அவன் கையில் எப்போதும் பசையோ வார்னிஷோ இருக்கும். ஒவ்வொரு செக்குக்கும் கை கழுவிவிட்டு வர முடியாது. அதனால் மாதத்தின் முதல் தேதி காலையில் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, என் மேசைக்கு எதிரே உட்காருவான். புத்தகத்திலுள்ள எல்லாச் செக்கிலும் கையெழுத்துப் போடுவான். பட்டறையின் பெயர் அச்சிட்ட கடிதத் தாளிலும் அடியில் பத்துப் பன்னிரண்டு போட்டுவைப்பான். "போதுமாண்ணா? இந்த மாசம் என் தலையெழுத்து உங்க பேனாவில" என்று சிரித்துவிட்டுப் போவான். ஒன்பது வருடம் இப்படி நடந்தது. ஒரு தாளும் தவறாகப் போனதில்லை. அந்த ஒன்பது வருடத்தை யாராவது கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை; சொல்லி வைக்கிறேன்.

நான் வீடு வாங்க முன்பணம் கட்டியது இரண்டு வருடத்துக்கு முன். மூன்றாவது மாடி, இரண்டு அறை. ஒப்பந்தம் பதினெட்டுப் பக்கம். சொந்தத்தில் யார் எந்தப் பத்திரம் வாங்கினாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். வரிவரியாகப் படித்துச் சொல்வேன். என்னுடையதை மட்டும் படிக்கவில்லை. விற்றவன் நன்றாகப் பேசினான், வெயில் கடுமையாக இருந்தது, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டேன். கட்டடம் எழும்பாவிட்டால் முன்பணம் திரும்பாது என்று பதினோராம் பக்கத்தில் இருந்தது. கட்டடம் எழும்பவில்லை.

அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் என் மனைவியுடையது. போன பணத்துக்காக அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். நீங்களா படிக்காமல் போட்டீர்கள் என்று அவள் கேட்பாளே, அதைத் தாங்கும் தெம்பு இல்லை. ஆகவே முன்பணம் திரும்பிவிட்டதாகச் சொல்லி அவள் சேமிப்பைப் பழையபடி நிரப்பி வைக்க, மரக்கடைக்காரரிடம் கடன் கேட்டேன். பட்டறைக்கு மரம் கொடுப்பவர். என்னை நன்றாகத் தெரியும்.

"உங்க வார்த்தை போதும் சார். ஆனா வார்த்தையை பேங்க்ல போட முடியாதே. கம்பெனி செக் ஒண்ணு கொடுங்க, சும்மா பிடிமானத்துக்கு" என்றார்.

இழுப்பறையில் கையெழுத்துப் போட்ட செக் இருபது இருந்தன. ஒன்றை எடுத்து நிரப்பினேன். செக் புத்தகத்தில் தங்கும் அடிக்கட்டையில் ‘மரம், முன்பணம்’ என்று எழுதினேன். அன்று கணக்கில் இருந்தது முப்பதாயிரத்துச் சொச்சம். தெரிந்துதான் எழுதினேன்.

என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மரக்கடைக்காரர் இரண்டு முறை தவணை கொடுத்தார். மூன்றாம் முறை என்னிடம் சொல்லிவிட்டே செக்கை வங்கியில் போட்டார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. செக் திரும்பிய பிறகு பட்டறை முகவரிக்கு, தம்பி பெயருக்கு, அவருடைய வக்கீலின் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தது. வரும் தபாலையெல்லாம் வாங்குவது நான்தான். அதையும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணத்தைக் கட்டாவிட்டால் குற்ற வழக்கு என்று அதில் இருந்தது. மேலே கிடைத்த தேதியை எழுதி, துளையிட்டு, கோப்பில் முறையாகச் சேர்த்தேன். தம்பியிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு பதில் எழுதினேன். இந்தச் செக்கைத் தம்பி கொடுக்கவில்லை என்று எழுதினால், யார் எழுதியது என்ற கேள்வி எழும். ஒப்புக்கொண்டுவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. தம்பி கையெழுத்திட்ட கடிதத் தாளில், மேற்படி தொகை வாங்கிய மரத்துக்கானது என்றும், தொழில் மந்தத்தால் தாமதம் என்றும், இரண்டு மாத அவகாசம் வேண்டும் என்றும் எழுதினேன். பணிவான கடிதம். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

பதினான்காம் நாளைப் பற்றி எழுதக் கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

அன்று மதியம் தம்பி என் மேசைக்கு வந்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பத்திரண்டு கதவு. ஆர்டர் உறுதியாகி முன்பணம் ஐந்து லட்சம் கணக்கில் விழுந்திருந்தது. இரண்டு பேரும் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். கொண்டாட்டமாகத் தன் சாப்பாட்டில் பாதியை எனக்கு வைத்தான்.

"அண்ணா, யாருக்காவது பாக்கி இருக்கா? இருந்தா இதுல முதல்ல அதைக் கட்டிடலாம். மிச்சத்துல ரம்ப மெஷின் பாத்துக்கலாம்."

"பாக்கின்னு ஒண்ணும் இல்ல. மெஷினையே வாங்கு" என்றேன்.

அவனுக்குத் தெரியாமலே இன்னொரு செக் எழுதி மரக்கடைக்காரர் கணக்கைத் தீர்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் யோசித்தேன். ஆனால் மறுபடியும் அவனுக்குத் தெரியாமல் அவன் பணத்தை எடுப்பது முறையல்ல என்று பட்டது. அவன் வைத்ததைச் சாப்பிட்டு முடித்தேன். பதினைந்தாம் நாள் மெஷின் வந்தது. இறக்கும்போது நானும் ஒரு கை பிடித்தேன்.

வக்கீலின் அறைக்குத் திரும்புகிறேன்.

"பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போடற கேஸ் வேற" என்றார் வக்கீல். "அது சிவில். பட்டறையை எடுக்கும், மெஷினை எடுக்கும், ஆளை எடுக்காது. செக் திரும்பினதுக்குப் போடற கேஸ் கிரிமினல். அது ஆளையே எடுக்கும். பதினஞ்சு நாளைக்குள்ள கட்டியிருந்தா இது கேஸே இல்ல. ஏன் கட்டல?"

"எனக்கு நோட்டீஸே வரலீங்களே."

வக்கீல் என் கடிதத்தின் நகலை எடுத்து அவன் முன் போட்டார். "வராத நோட்டீஸுக்கு இவ்வளவு அழகா பதில் போட்டிருக்கீங்க."

தம்பி வரிக்குக் கீழே விரல் வைத்து மெதுவாகப் படித்தான். அவன் முழுதாகப் படித்த என் முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும். முடித்ததும் திரும்பி முக்காலிப் பக்கம் பார்த்தான். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். எழுத ஒன்றும் இல்லை. அன்றைய தேதியை மறுபடி எழுதினேன்.

"நான் போட்டதுதாங்க. படிக்காம போட்டுட்டேன்" என்று வக்கீலிடம் சொன்னான்.

படிக்காமல் கையெழுத்துப் போடுவது தவறு என்று அவனுக்கு நான் பலமுறை சொல்லியிருக்க வேண்டும். சொன்னதில்லை.

அதன் பிறகு எல்லாம் வரிசையாக நடந்தது. மரக்கடைக்காரர் இரண்டு வழக்கும் போட்டார். சிவில் வழக்கில் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. கிரிமினல் வழக்கில் தம்பிக்கு ஒரு வருடம். நீதிமன்றத்திலும் அவன் அதே வார்த்தையைத்தான் சொன்னான். என் பெயர் எங்கும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக் கதவுகளில் ஒன்பதுதான் முடிந்திருந்தன.

சிறைக்குப் போய் ஒருமுறை பார்த்தேன். இளைத்திருந்தான். "உள்ள மரவேலை கொடுத்திருக்காங்கண்ணா. கதவெல்லாம் நல்ல கனம். வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் வைக்கறாங்க, அதான் குறை" என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு, அண்ணி நல்லாயிருக்காங்களா என்று கேட்டான். நன்றாக இருக்கிறாள் என்றேன். அது உண்மை. முன்பணம் போனதோ, செக்கை நான் எழுதியதோ அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவள் சேமிப்பு முழுதாக இருக்கிறது.

தீர்ப்பு வந்த இருபத்தைந்தாம் நாள் தம்பி மனைவி வீட்டுக்கு வந்தாள். என் மனைவி கடைக்குப் போயிருந்த நேரம். அவள் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு நகலை எடுத்து மேசைமேல் வைத்தாள். நோட்டீஸ் வாங்கிக்கொண்டதற்கான தபால் அட்டை.

"இதுல உங்க கையெழுத்து இருக்கு மாமா."

ஆபீஸ் தபாலை நான்தானே வாங்குவேன் என்றேன்.

"அவருக்கு வக்கீல் ரூம்ல அந்த லெட்டரைப் படிச்ச அன்னிக்கே தெரியும். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். அண்ணனா வாயைத் திறந்து சொன்னா சொல்லட்டும், நாம சொல்லக்கூடாதுன்னார். நானும் சொல்லல. வக்கீல் சொல்றார், புதுசா ஒண்ணும் இல்லாம அப்பீல் நிக்காதாம். முப்பது நாள்தான் கெடு. நீங்க லெட்டர் எழுதினா ஒரு சொல் பிசகாதுன்னு ஊரே சொல்லும். இதையும் எழுதிக் கொடுங்க. போதும்."

எழுதித் தருகிறேன் என்றேன். அவள் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு இன்னும் உடம்பில் எங்கோ குத்திக்கொண்டிருக்கிறது.

எழுதினேன். மூன்று நாள் ஆயிற்று, ஆறு பக்கம். வீடு, கடன், செக், நோட்டீஸ், பதினான்காம் நாள், எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து. என் வாழ்நாளில் எழுதியதிலேயே நேர்மையான கடிதம் அதுதான். முடித்துப் படித்துப் பார்த்தபோது மனம் லேசானதுபோல் இருந்தது.

இன்று இருபத்தெட்டாம் நாள். வக்கீல் அலுவலகத்தில் கொடுக்கத்தான் காலையில் கிளம்பினேன். அலுவலகம் இருக்கும் தெருமுனைக்கு வந்ததும் ஒன்று உறைத்தது. இது தம்பியின் வழக்கு. அவன் சம்மதம் இல்லாமல் அவன் பெயரில் இன்னொரு காகிதம் போவதா? ஒருமுறை அப்படிச் செய்துதான் இந்த நிலைமை. இனி எதையும் அவன் படித்த பிறகுதான் அனுப்புவது என்று முடிவெடுத்தேன். அவன் சரி என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அந்த நிமிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

எதிரே தபால் நிலையம். கடிதத்தை ஒரு பெரிய உறையில் போட்டு, ஓரத்தில் பசை தடவி, விரலால் நன்றாக அழுத்தி ஒட்டினேன். தம்பியின் பெயர், கைதி எண், சிறை முகவரி. சிறைக்குப் போகும் தபாலைப் பிரித்துப் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், நாலைந்து நாள் ஆகும் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் உறையை எடைபோட்டுவிட்டு, "அவசரமா போகணுமா சார்?" என்று கேட்டாள்.

வேண்டாம், சாதாரணமாகவே போகட்டும் என்றேன். தம்பி நிதானமாகப் படித்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.